எஸ்.ஐ.க்குக் கொடுத்த கைமாற்று 3 லட்சம்: வழக்குப் போட அனுமதி வாங்கணுமா?

கேள்வி (மளிகைக்காரர், திண்டுக்கல்):
எங்கள் ஊர் ஸ்டேஷனில் இருக்கும் எஸ்.ஐ. ஒருவர் 3 லட்சம் கைமாற்று வாங்கியிருக்கிறார். 2 லட்சம் பேங்க் வழியாகப் போனது, மீதி ரொக்கம். புரோநோட்டுத் தேதி 14.11.2023. தொகையை அவரே எழுதி, தேதி போடாமல் கொடுத்த 3 லட்சம் செக்கும் இருக்கிறது. 2024-ல் ஜிபேயில் 10,000 வந்தது, அதோடு சரி. அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். அரசு ஊழியர் மேல் கேஸ் போட முன் அனுமதி வேண்டும் என்கிறார்களே, நிஜமா?

கோர்ட்டுவாசல்:
வேண்டாம் சார். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-வது பிரிவின் இரண்டு மாத நோட்டீஸும் சரி, குற்ற வழக்குக்கான அரசு அனுமதியும் சரி, அவர் பதவியின் பேரில் செய்த காரியங்களுக்குத்தான். கைமாற்று வாங்குவது போலீஸ் வேலை ஆகாது. பிராதில் (வழக்கு மனுவில்) அவர் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் போதும். "உதவி ஆய்வாளர், இன்ன காவல் நிலையம்" என்று பதவியைப் பிரதிவாதி ஆக்கினால்தான் 80-வது பிரிவு ஆட்சேபணை கிளம்பும்.

முதலில் தேதியைப் பாருங்கள். கேட்டவுடன் தரவேண்டிய புரோநோட்டுக்கு ஆயுள் 3 வருஷம். 10,000 வந்ததால் கெடு நீண்டுவிட்டது என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கெடு முடிவதற்குள் பணம் கட்டினால் மட்டும் போதாது; கட்டியதற்கு அவர் கைப்பட எழுதிய குறிப்போ கையெழுத்திட்ட குறிப்போ இருக்க வேண்டும். புரோநோட்டின் முதுகில் தேதியோடு "வரவு ரூ.10,000" எழுதிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் அதனால் வந்ததுதான். ஜிபே ரசீதை மட்டும் காட்டி ஜெயிப்பது சந்தேகம். 14.11.2026-ஐயே கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் குறுக்கே கையெழுத்து விழுந்திருக்கிறதா? ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டை அபராதம் கட்டியும் சாட்சியத்தில் ஏற்ற முடியாது. அப்படியானால் பேங்க் வரவு செலவை வைத்து, கடன் கொடுத்ததன் பேரில்தான் வழக்கு. எல்லாம் சரியாக இருந்தால் ஆர்டர் 37 சுருக்க வழக்கு கேளுங்கள். அதில் சம்மன் கிடைத்த 10 நாளில் அவர் ஆஜராக வேண்டும், எதிர்வாதம் செய்யவே கோர்ட் அனுமதி கேட்க வேண்டும். கோர்ட் ஃபீஸ் 3%, உங்களுக்கு 9,000 பக்கம்.

செக்மேமோ:
செக்கில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனம். 10,000 அசலில் கழிந்திருந்தால் பாக்கி 2,90,000. பாக்கியைவிட அதிகத் தொகைக்குச் செக் போட்டு அது திரும்பினால் 138-வது பிரிவு செக் மோசடி வழக்கு நிற்காது என்று 2022-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொகையை நீங்களே திருத்தினால் செக்கே செல்லாது. 2,90,000-க்குப் புதுச் செக் கேளுங்கள். தரமாட்டார் என்றால், அந்த 10,000 வட்டியா அசலா என்பதற்கு வாட்ஸ்அப்பில் என்ன எழுத்து இருக்கிறது என்று வக்கீலிடம் காட்டிய பிறகு தேதி போடுங்கள்.

செக்குக்கு 3 மாதம்தான் ஆயுள். திரும்பினால் பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளில் நோட்டீஸ், அது அவருக்குக் கிடைத்த பிறகு 15 நாள் அவகாசம், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். ஒன்று தவறினாலும் தலைவலி. ஸ்டேஷன் விலாசத்தை மட்டும் நம்பாதீர்கள், டிரான்ஸ்ஃபர் ஆனால் கவர் திரும்பிவிடும். வீட்டுக்கும் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். ஒரு நல்லது, உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்குட்பட்ட கோர்ட்டில்தான் இந்த வழக்கு நடக்கும். அவர் எந்த ஊருக்கு மாறினாலும் நீங்கள் அலைய வேண்டாம்.

ரோஜாமலர்77:
இவ்வளவு எதுக்கு? எஸ்.பி. ஆபீசில் ஒரு மனு போட்டால் மறுநாளே பணம் வந்துடும்.

கோர்ட்டுவாசல்:
ரோஜாமலர், எஸ்.பி. பணம் வசூலித்துத் தரமாட்டார். தன் எல்லைக்குள் இருப்பவரிடம் கடன் வாங்குவது நடத்தை விதிப்படி தப்பு, துறை விசாரணை வரலாம், அவ்வளவுதான். மனு கொடுப்பது உங்கள் உரிமை. ஆனால் வக்கீல் நோட்டீஸில் "தராவிட்டால் எஸ்.பி.யிடம் போவேன்" என்று எழுதாதீர்கள், மிரட்டிப் பணம் பறித்தார் என்று திருப்பிவிடுவார்கள். கடனையும் புகாரையும் ஒரே தாளில் கலக்கவே கூடாது.

இன்னொன்று, 2003 கந்துவட்டித் தடைச் சட்டத்தில் எதிர்ப்புகார் வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள். மீட்டர் வட்டி, ரன் வட்டி மாதிரி எதையும் போனில்கூடப் பேச வேண்டாம். புரோநோட்டில் எழுதிய வட்டிக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் உங்களுக்குத்தான் ஆபத்து. பத்துப் பேருக்குக் கடன் கொடுக்கிற ஆள் என்றால் லைசென்ஸ் எங்கே என்ற கேள்வியும் வரும்.

மளிகைக்காரர்:
நன்றி. வட்டி எதுவும் வாங்கவில்லை. டிகிரி (கோர்ட் தீர்ப்பாணை) கிடைத்தால் சம்பளத்தில் பிடிக்கலாமா?

நிறைவேற்று மனு:
பிடிக்கலாம். முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கு. அரசு விலக்கியிருக்கும் படிகளைக் கழித்து 46,000 நின்றால், 45,000-ல் மூன்றில் ஒன்று, மாதம் 15,000 உங்களுக்கு. ஒரே டிகிரிக்கு 24 மாதம்தான், அதாவது 3,60,000 வரை. பென்ஷன், கிராஜுவிட்டி, ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) மூன்றையும் ஜப்தி செய்ய முடியாது. அதனால் வழக்குப் போட 14.11.2026 கெடு என்றாலும், சம்பளத்தில் பிடிக்க ரிட்டயர்மென்ட் தேதிதான் உங்களுக்கு நிஜமான கெடு. இப்போதே சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு ஒன்று கொடுங்கள், ஃபீஸ் கிடையாது. அங்கே சமரசம் ஆகி அவார்டு (சமரச உத்தரவு) வந்தால் அதுவே டிகிரிக்குச் சமம். ஒன்றிரண்டு அமர்வுக்கு அவர் வரவில்லையென்றால் இழுக்காமல் பிராது போட்டுவிடுங்கள்.

டிகிரி ஆனதும் நிறைவேற்று மனுவில் சம்பளம் வழங்கும் அலுவலரின் பதவி, விலாசத்தைச் சரியாகப் போடுங்கள். கோர்ட் உத்தரவு போய்ச் சேர்ந்த பிறகும் பிடிக்காமல் முழுச் சம்பளம் கொடுத்தால், பிடிக்காமல் விட்ட தொகைக்கு அரசே பொறுப்பு.