தேதி குறிச்ச சிசேரியன்: முன்னாடி என்னெல்லாம் ரெடி பண்ணணும், அப்புறம் எந்திரிச்சு நடமாட எவ்வளவு நாளாகும்?

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 37 வாரம் முடிஞ்சிருக்கு, பாப்பா இன்னும் தலை மேலயும் பின்பக்கம் கீழயுமா உக்காந்திருக்கு. டாக்டர் வயித்து மேல கைய வச்சு அழுத்தி திருப்பிப் பாத்தாங்க, அசையவே இல்ல, அதனால 39வது வாரத்துல சிசேரியன்னு தேதி குறிச்சாச்சு. மூத்தவ நார்மல் டெலிவரி, அதனால ஆபரேஷன் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. முழிச்சிட்டு இருக்கும்போதே வயித்த கிழிப்பாங்கன்னு நெனச்சாலே தூக்கம் போயிடுது. முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகு வலி வரும்னு வேற ஆளாளுக்கு சொல்றாங்க. அதைவிட பெரிய கவலை மூத்தவதான், ரெண்டரை வயசு, தூங்கி எந்திரிச்சதும் என் இடுப்புலதான் ஏறுவா, அவள எத்தனை நாள் தூக்கக் கூடாது? பையில என்ன வைக்கணும், வீட்ட எப்படி ரெடி பண்ணணும், அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ரெட்டைவால்_அம்மா:
பயப்படாதீங்க சிஸ், எனக்கு ரெண்டுமே சிசேரியன், ரெண்டாவது உங்கள மாதிரி தேதி குறிச்சு பண்ணினது. முதுகு ஊசி போடுறப்போ உக்கார வச்சு முதுக நல்லா வளைக்கச் சொல்வாங்க, தாடைய நெஞ்சுல வச்சுக்கிட்டு தோள தளர்த்தி விட்டுடுங்க, கொஞ்ச நேரத்துல கால் ரெண்டும் சூடாகி கனமாயிடும். ஜில்லுன்னு எதையாவது தொட்டு வச்சு தெரியுதான்னு கேப்பாங்க, நல்லா மரத்துப் போச்சுன்னு உறுதியானப்புறம்தான் ஆரம்பிப்பாங்க. வலி இருக்காது, ஆனா இழுக்குறது அமுக்குறது எல்லாம் தெரியும், வயித்துக்குள்ள யாரோ பையக் குடைஞ்சு சாமான் தேடுற மாதிரி இருக்கும், இத முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கிட்டா அந்த நேரத்துல பதற மாட்டீங்க. நடுவுல பிரஷர் இறங்கி குமட்டும், உடம்பு கிடுகிடுன்னு நடுங்கும், உடனே தலைமாட்டுல நிக்குற மயக்க டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, மருந்து குடுத்து சரி பண்ணிடுவாங்க. குழந்தை முதல் 5, 10 நிமிஷத்துலயே வெளிய வந்துடும், மிச்ச அரை மணி முக்கால் மணி நேரம் முழுக்க தையல்தான். குழந்தைய நெஞ்சு மேல போடுங்கன்னு முதல் நாளே கேட்டு வச்சுக்கோங்க, ரெண்டு பேரும் நல்லா இருந்தா பெரும்பாலும் செய்வாங்க.

இப்போ நெஜமா கஷ்டமான விஷயம், படுக்கையில இருந்து எந்திரிக்குறது. நேரா நிமிந்து எந்திரிக்கவே எந்திரிக்காதீங்க. முட்டிய மடக்கி, அப்படியே உடம்பு மொத்தமா ஒருக்களிச்சுத் திரும்பி, ரெண்டு காலையும் கட்டிலுக்கு வெளிய தொங்கவிட்டு, முழங்கையயும் உள்ளங்கையயும் ஊணி பக்கவாட்டுல எந்திரிக்கணும். இத இப்போவே வீட்ல பழகிக்கோங்க. இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் ஒரு தலையணைய தையல் மேல வச்சு அமுக்கிக்கணும். பையில தொப்புளுக்கு மேல வர்ற பெரிய சைஸ் காட்டன் இன்னர் வைங்க, இடுப்பு எலாஸ்டிக் சரியா தையல் மேல உக்காந்தா உயிர் போயிடும். முன்பக்கம் திறக்குற லூசான நைட்டி, பெரிய பேடு, குனியாம மாட்டுற செருப்பு, நீளமான சார்ஜர் ஒயர். சிசேரியன்னாலும் கீழ ரத்தப்போக்கு இருக்கும், குறைஞ்சுக்கிட்டே வந்து ஆறு வாரம் வரைக்கும் கூட போகலாம், பேடு கம்மியா எடுத்துட்டுப் போகாதீங்க.

பூங்காத்து:
என் அனுபவத்துல சொல்றேன், வலி மாத்திரை ரொம்ப போடாதீங்க, எல்லாம் பால்ல இறங்கி குழந்தைக்குப் போகும். நான் முடிஞ்ச வரைக்கும் பல்லக் கடிச்சு பொறுத்துக்கிட்டேன். நீங்களும் பாத்துக்கோங்க.

வார்டுநர்ஸ்:
பூங்காத்து, நீங்க அக்கறையோடதான் சொல்றீங்க, ஆனா இதுல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்மா. பிரசவ வார்டுல வருஷக்கணக்கா பாத்துட்டு இருக்கேன், வலிய பொறுத்துக்கிட்டு படுத்தே கெடக்குறவங்கதான் ரொம்ப அவஸ்தப்படுறாங்க. நடக்காம இருந்தா காலுல ரத்தக்கட்டி வர்ற ஆபத்து கூடும், மூச்ச இழுத்து விடாம இருந்தா சளி கட்டும், வயித்துல கேஸ் நின்னு தோள்பட்டை வரைக்கும் வலிக்கும், வலியோட உக்காந்து பால் குடுக்கவும் முடியாது. பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் பால் குடுக்குற அம்மாக்கள் தாராளமா எடுக்கலாம், பால்ல போற அளவு ரொம்ப ரொம்பக் கம்மி. கோடீன் கலந்த மாத்திரையதான் தவிர்க்கணும். அல்சர், ஆஸ்துமா, கிட்னி பிரச்சனை, பிரஷர் எது இருந்தாலும் இபுப்ரோஃபென் தர்றதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. முதல் சில நாளைக்கு வலி வந்தப்புறம் போடலாம்னு காத்திருக்காம நேரத்துக்கு நேரம் போட்டுடணும், அலாரம் வச்சே போடலாம், தப்பில்ல.

நிலாமுற்றம், முதுகு ஊசியால காலம் பூரா முதுகு வலி வராது. குத்தின எடம் கொஞ்ச நாள் வலிக்கும், அவ்வளவுதான். குழந்தைய தூக்கி குனிஞ்சு பால் குடுக்குறதுலதான் முதுகு வலி அதிகமா வருது, அது நார்மல் டெலிவரி ஆனவங்களுக்கும் வரும். ஆனா எந்திரிச்சு உக்காந்தா தாங்க முடியாத தலைவலி, படுத்தா கொறையுதுன்னா அது ஊசியோட சம்பந்தப்பட்டதா இருக்கலாம், கட்டாயம் சொல்லணும், அதுக்கு வைத்தியம் இருக்கு.

39 வாரம் வரைக்கும் ஏன் வெயிட் பண்றாங்கன்னா அதுக்கு முன்னாடி எடுத்தா குழந்தைக்கு மூச்சுத் திணறல் வர்ற வாய்ப்பு கூடுது. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, தேதிக்கு முன்னாடியே வலி வந்தாலோ பனிக்குடம் உடைஞ்சாலோ தேதி இருக்கேன்னு வீட்ல இருக்கக் கூடாது, எதுவும் சாப்பிடாம உடனே கெளம்பணும். குழந்தை தலைகீழா இல்லாதப்போ தண்ணி உடைஞ்சா தொப்புள்கொடி முன்னாடி நழுவி வர்ற ஆபத்து இருக்கு. அப்படி கொடி மாதிரி எதாவது தட்டுப்பட்டா அத தொடாம, முட்டி போட்டு தலைய தரையோட சாய்ச்சு பின்பக்கத்த தூக்கி வச்சுக்கிட்டு ஆம்புலன்ஸ கூப்பிடச் சொல்லுங்க. வீட்ல இருக்குற எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கணும். 

ஆபரேஷனுக்கு முன்னாடி பொதுவா சாப்பாடு 6 மணி நேரம், வெறும் தண்ணி 2 மணி நேரம் நிறுத்துவாங்க, உங்க டாக்டர் வேற நேரம் சொன்னா அதுதான் கணக்கு. நெயில் பாலிஷ் போடாதீங்க, ஆக்சிஜன் அளவு பாக்குற கிளிப்ப விரல்லதான் மாட்டுவோம்.

நிலாமுற்றம்:
கொடி விஷயம் யாருமே சொல்லல, இப்போவே வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டிட்டேன், ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். அடிவயித்து முடிய நானே வீட்ல ஷேவ் பண்ணிட்டுப் போகணுமா? அப்புறம் மூத்தவள பத்தி யாராவது சொல்லுங்களேன், அவள நெனச்சாதான் அழுகையா வருது.

வார்டுநர்ஸ்:
கடைசி வாரத்துல ஷேவ் பண்ணவே பண்ணாதீங்க. பிளேடு படுறப்போ கண்ணுக்குத் தெரியாம தோல் கீறும், அது வழியா கிருமி உள்ள போய் தையல்ல சீழ் வைக்கலாம். தேவைப்பட்டா அன்னிக்கு நாங்களே கிளிப்பர் வச்சு எடுத்துடுவோம்.

மழைக்காலம்:
மூத்தவ விஷயம் நான் சொல்றேன்ப்பா, எனக்கும் அப்போ இதே வயசுல ஒருத்தன் இருந்தான். பொதுவா ஆறு வாரத்துக்கு பொறந்த குழந்தையோட எடைக்கு மேல எதையும் தூக்கக் கூடாதுன்னு சொல்வாங்க, ரெண்டரை வயசுப் பிள்ளை அதப்போல மூணு நாலு மடங்கு இருக்கும். அதனால தூக்குறது முடியாது, ஆனா மடி அவளுக்கு இல்லன்னு ஆயிடக் கூடாது, அதுதான் விஷயம். இப்போவே அவள நீங்க தூக்குறத கொறைச்சு, சோபாவுல நீங்க உக்காந்துக்கிட்டு அவளே பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு ஏறி வர்ற மாதிரி பழக்குங்க. நாங்க அப்படித்தான் பண்ணினோம். தையல் மேல தலையணைய வச்சுக்கிட்டு அவன பக்கவாட்டுல அணைச்சுக்குவேன், ஒதைச்சாலும் தலையணை மேலதான் படும். அம்மா வயித்துல காயம், மருந்து போட்டிருக்காங்கன்னு சொன்னதும் அவனே தெனமும் வந்து "ஆறிடுச்சா"ன்னு கேப்பான். பாப்பா வந்தப்புறம் திடீர்னு தூக்க மாட்டேன்னு சொன்னா அவளுக்கு பாப்பா மேலதான் கோவம் திரும்பும், அதனால பழக்கத்த முன்னாடியே மாத்திடுங்க. குளிப்பாட்டுறது, தூங்க வைக்குறது ரெண்டையும் இந்த வாரத்துல இருந்தே அவங்க அப்பா எடுத்துக்கட்டும்.

பால் குடுக்க, குழந்தைய அக்குளுக்குக் கீழ இடுக்கிப் பிடிச்சு கால் பின்பக்கம் போற மாதிரி வைங்க, இல்ல ஒருக்களிச்சுப் படுத்துக் குடுங்க, தையல்ல ஒதை விழாது. சிசேரியன்ல பால் நல்லா ஊற ஒண்ணு ரெண்டு நாள் கூடுதலா ஆகலாம், அதுக்குள்ள எனக்கு பாலே இல்லன்னு முடிவு கட்டிடாதீங்க.

இரவுஷிப்ட்_அப்பா:
ஆம்பளைங்க யாராவது படிச்சா அவங்களுக்கும் சேத்து சொல்றேன். ராத்திரி குழந்தை அழுதா நீங்க எந்திரிச்சு துணி மாத்தி அம்மா கைக்குக் கொண்டு வந்து குடுங்க, பால் குடிச்சதும் திரும்ப வாங்கி ஏப்பம் விட வைங்க. ஒவ்வொரு தடவையும் அவங்க கட்டில்ல இருந்து இறங்குறது மிச்சம். பேடு, மாத்திரை, தண்ணி பாட்டில், டயப்பர் எல்லாம் இடுப்பு உயரத்துல, கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும். தையல அவங்களால குனிஞ்சு பாக்க முடியாது, தெனமும் நீங்கதான் பாத்து சொல்லணும்.

வார்டுநர்ஸ்:
கரெக்டா சொன்னீங்க தம்பி. தையல் சுத்தி செவந்து சூடா இருந்தா, நீர் இல்ல சீழ் கசிஞ்சா, நாத்தம் அடிச்சா, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்ட தாண்டினா அன்னிக்கே காட்டுங்க. ஒரு மணி நேரத்துல ஒரு பேடு முழுசா நனைஞ்சாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ விடியட்டும்னு இருக்காதீங்க, அப்போவே எமர்ஜென்சிக்குப் போங்க. தையல்ல தண்ணி படலாம், தேய்க்காம துணியால ஒத்தி எடுத்து காய விடுங்க, டாக்டர் சொல்லாம பவுடரோ ஆயின்மென்ட்டோ போடாதீங்க. வயிறு மடிஞ்சு தையல மூடுறவங்க படுத்து கொஞ்ச நேரம் காத்தாட விடணும்.

ரெட்டைவால்_அம்மா:
இன்னொண்ணு சிஸ், தையலுக்கு மேல ஒரு பட்டை அளவுக்கு தோல் மரத்துப் போய் இருக்கும், மாசக்கணக்குல ஆகும், சிலருக்கு முழுசா திரும்பாமலும் போகலாம், பயந்துடாதீங்க. மூணாவது நாள் வாக்குல காரணமே இல்லாம அழுகை வரும், அதுவும் சகஜம்தான். ஆனா ரெண்டு வாரம் தாண்டியும் மனசு தெளியலன்னா இல்ல தாங்க முடியலன்னு தோணுச்சுன்னா தையல் பிரிஞ்சா எப்படி ஓடுவீங்களோ அதே வேகத்துல டாக்டர்கிட்ட போங்க.

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ஒருக்களிச்சு எந்திரிக்குறத இப்போ ட்ரை பண்ணிப் பாத்தேன், இந்த வயித்தோடவே இதுதான் ஈஸியா இருக்கு. நாளைக்கு செக்கப், குழந்தைய உடனே நெஞ்சு மேல போடுவாங்களான்னும் வலி மாத்திரை எத்தனை மணிக்கு ஒரு தடவைன்னும் கேட்டு எழுதி வாங்கிட்டு வரேன்.