சிட்னி: அத்தையைப் பாலத்துக்கு அடியில் படகில் கூட்டிப்போக வழி?

அத்தையும் மாமாவும் தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஊர் திரும்புகிறார்கள். அத்தைக்குப் படகு ஆடினால் குமட்டல்; முழங்கால் தேய்மானம் வேறு. துறைமுக ஊர்க்காரிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லையே என்று மாமாவின் கேலி தனி. ஆனாலும் ஹார்பர் பாலத்துக்கு அடியில் படகில் போயே ஆக வேண்டும் என்கிறார் அத்தை.

சர்குலர் கீ படகுத்துறையிலிருந்து மேன்லி கடற்கரைக்குப் போகும் படகில் போய்ப் பார்த்தோம். முதலில் ஒன்றுமில்லை. வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் நடுவே, பெருங்கடல் அலை உள்ளே வருகிற இடத்தில்தான் ஆட்டம். முன்கூட்டியே மாத்திரை போட்டு, கீழ்த்தளத்தில் நடுவில் உட்கார்ந்தும் வாந்தி. திரும்பும்போது பஸ்தான். டரோங்கா விலங்குக்காட்சிசாலைப் படகு ஒத்துக்கொண்டது, ஆனால் அது பாலம் பக்கமே போகாது. லிப்டில் ஏறிப் பாலத்தின் நடைபாதையில் நடக்கப் பார்த்தோம். பாதியில் முழங்கால் மறுத்துவிட்டது.

மிச்சம் இருப்பது பாலத்துக்கு அடியில் மேற்கே ஆற்றில் போகும் எஃப்3 பாரமட்டா படகு. தண்ணீர் அமைதியாக இருக்கும், சரி. என் பயம் இறங்குமிடம்தான். மிதக்கும் மேடை என்பதால் கடல் வற்றும் நேரத்தில் ஏறுபாலம் செங்குத்தாகிவிடுகிறது. சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்திருக்கிறோம், தள்ளப்போவது நான் ஒருத்தி.

சர்குலர் கீயில் ஏறினால், எஃப்3 வழியில் எந்த நிறுத்தத்தில் சக்கர நாற்காலியோடு இறங்குவது சுலபம்?