ஆனைமலைப் பறக்கும் தவளையைப் பார்த்தவங்க இருக்கீங்களா?

பொள்ளாச்சிக்காரன்:
போன ஆடி, வால்பாறை. அக்கா வீட்டுக்காரருக்கு எஸ்டேட் வேலை, லைன் வீடு. பின்னாடி தண்ணி தேங்கின ஒரு குழி, அதுக்கு மேல சாஞ்ச கிளை. இலை நுனியில வெள்ளையா ஒரு நுரை உருண்டை தொங்கிச்சுங்க. துணி தொவச்ச சோப்பு நுரைன்னு நெனச்சு, இலையோட பிச்சு மேட்டுல எறிஞ்சுட்டேன்.

ராத்திரி டார்ச் அடிச்சா அதே கிளையில பச்சைத் தவளை. ஒரு எட்டு வெச்சேன், எகிறிருச்சு. ஆனா விழுவலைங்க! நாலு காலும் விரிஞ்சு, விரலுக்கு நடுவுல சவ்வு ஆரஞ்சு நெறத்துல, குழியத் தாண்டி அப்படியே சறுக்கிட்டுப் போயி தேயிலைச் செடி மேல ஒக்காந்துச்சு.

காலையில அக்காகிட்டச் சொன்னா, "அடப்பாவி, அது நுரையில்லடா, தவளை முட்டை. பொரிஞ்சா குஞ்சு நேரா தண்ணியில விழோணும்னுதான் குழிக்கு மேல கட்டுது"ன்னாங்க. மேட்டுல போயிப் பாத்தேன். எறும்பு மொய்ச்சுக் கெடந்துச்சு.

சோலைக்காடன்:
நீங்க பாத்தது மலபார் பறக்கும் தவளையா இருக்கும். அது 1870லயே ஜெர்டன்ங்கற வெள்ளைக்கார விலங்கியலாளர் பேர் வெச்சது. ஆனைமலைத் தவளைய 2000லதான் கார்த்திகேயன் வாசுதேவனும் எஸ்.கே. தத்தாவும் புது இனம்னு எழுதினாங்க, ஆண்டிப்பாறைச் சோலையில கெடச்சத வெச்சு. அறிவியல் பேருக்கே 'போலி மலபார்'னுதான் அர்த்தம். அவ்வளவு ஒத்துப்போகும். குட்டியில முதுகு பூரா கறுப்புக் கோடு பின்னிக் கெடக்கும், வளர வளர மங்கிரும். நான் ஒண்ணே ஒண்ணு பாத்தேன், கோட்டோட, கட்டைவெரல் அளவு. கால்ல அட்டை ஏறினதுகூடத் தெரியல. உங்களதுல கோடு இருந்துச்சா?

காங்கேயம் அம்மிணி:
குடுத்து வெச்சவிங்க. எங்கூர்ல மழையே இல்ல, இதுல எங்க பறக்கற தவளை. பொடக்காளிச் செவுத்துல பழுப்பா ஒண்ணு ஒட்டியிருக்கும். 'தேரை மேல உழுந்தா புள்ள எளச்சுரும்'னு அப்பத்தா வெளக்கமாத்தோட வருவாங்க. ஒரு நாள் அது என் தோள் மேலயே குதிச்சுது. நான் எளைக்கவே இல்லீங்க, அதுதான் கவலை.

ஆழியார் ரவுண்டு:
நானும் பாத்தேன், ரோட்டோரம், கார்ல இருந்தபடியே. அத விடுங்க. இனி போறவங்களுக்குச் சொல்றேன். தவளையக் கையில எடுக்காதீங்க. அது தோல் வழியாவும் மூச்சு விடற சீவன், நம்ம கையில இருக்கற கொசு மருந்து, சோப்பு எல்லாம் உள்ள போயிரும். ஒரு ஓடையில நனைஞ்ச பூட்ஸக் கழுவிக் காய வெக்காம அடுத்த ஓடையில எறங்காதீங்க. தவளைகளக் கொல்ற பூஞ்சை நோய் அப்படியும் பரவும். மூஞ்சிக்கு நேரா லைட் அடிக்காதீங்க. போட்டோவுக்காகக் கிளையை வளைக்காதீங்க. ராத்திரி காட்டுக்குள்ள போகோணும்னா வனத்துறை அனுமதி வாங்குங்க. வால்பாறைன்னா யானை, சிறுத்தை வேற. தவளை பாக்கப் போயி...

பொள்ளாச்சிக்காரன்:
கோடு பாக்கலைங்க, காலத்தான் பாத்தேன். கையிலயும் எடுக்கல. எந்த இனமா வேணா இருக்கட்டும். நான் கேக்க நெனச்சது வேற: அன்னைக்கு ராத்திரியே அந்த நுரையத் தேடி எடுத்து, திரும்பக் குழிக்கு மேல நூல்ல கட்டியிருந்தா பொழச்சிருக்குங்களா?