நிக்கான் டி7200 கேமராவுல நாய்ஸ் தாங்கல, டி750 போலாமா டி500 போலாமா? அவசரம்

ஊசுட்டேரி_புதுசு
வணக்கம் அண்ணன்களா, என் டி7200ல பறவை எடுத்தா ஒரே நாய்ஸ், படம் பூரா புள்ளி புள்ளியா, றெக்கைல டீடெயிலே இல்ல மொழுமொழுன்னு வருது. போன ஞாயித்துக்கிழமை ஊசுட்டேரில ஃப்ரெண்டோட டி750 வாங்கி அதே பறவைய அதே எடத்துல நின்னு எடுத்தேன், கம்ப்யூட்டர்ல நூறு பர்சன்ட் ஜூம் பண்ணி பாத்தா அது சுத்தமா இருக்கு என்னுது குப்பை. இப்ப செகண்ட் ஹேண்ட்ல ஒரு டி750யும் ஒரு டி500ம் வந்துருக்கு, கடைக்காரர் நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லுன்றாரு. எது எடுக்கலாம், சீக்கிரம் ப்ளீஸ்.

கடலூர்_கொக்கு
என்னா லென்ஸ்? ஐஎஸ்ஓ எவ்ளோ, ஷட்டர் எவ்ளோ? ராவா ஜேபெக்கா? எத்தினி மணிக்கு எடுத்தது? என்னா பறவை? ஒண்ணுமே சொல்லாம எது வாங்கலாம்னா என்னன்னு சொல்றது.

லாஸ்பேட்டை_லென்ஸ்
முன்னாடி யூவி ஃபில்டர் மாட்டிருக்கீங்களா? மொதல்ல அத கழட்டி வீசுங்க. பாதி பேருக்கு பிரச்சினையே அதான், யாரும் நம்ப மாட்டேன்றாங்க.

பாகூர்வாசி
ஃபில்டரும் இல்ல பாடியும் இல்ல, வெயில். தண்ணி மேல சூடு ஏறிச்சுன்னா காத்து நெளியும், அதுக்கப்புறம் எத்தன லட்சம் குடுத்து வாங்கினாலும் 500 மில்லிமீட்டர்ல மொழுமொழுதான். பாகூர் ஏரில ஒம்போது மணிக்கு மேல நான் கேமராவ மூடி வெச்சிருவேன்.

ஊசுட்டேரி_புதுசு
200-500 தான் அண்ணே, ரெண்டு பாடிலயும் அதே லென்ஸ். ஃபில்டர் கெடயாது. ஐஎஸ்ஓ ஆட்டோ. காலைல ஆறேகாலுக்கு எடுத்தது, வெயிலே வரல.

கடலூர்_கொக்கு
ஆட்டோன்னா கேமரா எதுல போய் நின்னுச்சுன்னு இன்ஃபோல பாத்து சொல்லுங்க தம்பி. பறவை பேரும் இன்னும் வரல.

டி70_காலத்தவன்
2004ல 6 மெகாபிக்சல் டி70ய வெச்சிக்கிட்டு பிச்சாவரத்துல படகுல குந்திகினு எடுத்தவன் நான். அப்ப யாரும் நாய்ஸ்னு அழல. இப்ப புள்ளைங்க ஏரிக்கு போறத விட ஜூம் பண்ணி பாக்கறதுதான் அதிகம். தம்பி, மொதல்ல மேனுவல படிங்க, அப்புறம் பறவைகிட்ட போக கத்துக்கங்க, பாடி எல்லாம் கடைசி.

ஊசுட்டேரி_புதுசு
பாம்புத்தாரா, பட்ட மரத்துல றெக்கைய விரிச்சிட்டு உக்காந்திருந்துச்சு. ஐஎஸ்ஓ 3200, 1/2000, எஃப்5.6. ஜேபெக்.

கடலூர்_கொக்கு
உக்காந்துருக்க பாம்புத்தாராவுக்கு எதுக்குங்க 1/2000? கை ஆட்டத்த அடக்கற விஆர ஆன் பண்ணி 1/500 வெச்சிருந்தா வெளிச்சம் கூட விழுந்து ஐஎஸ்ஓ 800க்கு எறங்கிருக்கும், நாய்ஸும் கொறஞ்சிருக்கும். அதோட கருப்பு பறவை, பின்னாடி வெளுத்த வானம், கேமரா வானத்த பாத்து இருட்டா எடுத்திருக்கும், நீங்க வீட்டுல வந்து ஏத்திருப்பீங்க. ஜேபெக்ல கேமராவே நாய்ஸ தேய்க்கறேன்னு சிறகையும் சேத்து தேய்ச்சிடும். ராவுல எடுங்க, அது கேமரா தேய்க்காத ஃபைல்.

பிக்சல்_பித்தன்
எல்லாம் சரி, ஆனா அந்த நூறு பர்சன்ட் ஒப்பீடே தப்பு, அத யாரும் சொல்லலையே. ரெண்டும் 24 மெகாபிக்சல்தான், ஆனா டி7200ல அது சின்ன சென்சார்ல நெருக்கமா இருக்கு, டி750ல பெரிய ஃபுல் ஃப்ரேம் சென்சார்ல பரவி இருக்கு. ஒரே லென்ஸ், ஒரே தூரம்னா சென்சார் மேல விழுற பறவை ரெண்டுலயும் ஒரே அளவுதான், அது மேல விழுற வெளிச்சமும் அதேதான். டி7200ல அந்த பறவை 1500 பிக்சல் நீளம்னா டி750ல சுமார் 1000தான் வரும். பெரிய பிக்சல், அதனால ஒவ்வொண்ணும் சுத்தமா தெரியுது, ஆனா பறவைக்கு கெடச்ச மொத்த பிக்சல் பாதிக்கும் கம்மி. உங்க டி7200 படத்த 1000 பிக்சலுக்கு சுருக்கி பக்கத்துல வெச்சு பாருங்க, நாய்ஸ் கிட்டத்தட்ட ஒண்ணாயிடும். ஃபுல் ஃப்ரேம்க்கு ஒரு ஸ்டாப்புக்கு மேல, அதாவது ரெண்டு மடங்கு வெளிச்சத்துக்கு மேல லாபம்னு சொல்றதெல்லாம் பறவைய ஃப்ரேம் முழுக்க ரொப்ப முடிஞ்சாதான். ஊசுட்டேரில எப்பிடி ரொப்புவீங்க, டி750ல எடுத்து டிஎக்ஸ், அதாவது டி7200 சென்சார் அளவுக்கு வெட்டினா 10 மெகாபிக்சல் சொச்சம்தான் மிஞ்சும்.

டி500 வாங்கினா 153 ஃபோகஸ் பாயின்ட்டுக்கும் வினாடிக்கு 10 ஷாட்டுக்கும் வாங்குங்க, பறக்கற பறவைக்கு சொத்தே எழுதலாம். நாய்ஸுக்காக வாங்காதீங்க.

ஆனா எனக்கு இடிக்கறது டீடெயில் இல்லன்றது. நாய்ஸ் இருந்தா கூட சிறகு கோடு தெரியணும். அதுவும் தெரியலன்னா ஃபோகஸ்ல ஏதோ இருக்கு. ஒரு காக்கா எறக எடுத்து காம்பவுண்டு செவுத்துல ஒட்டுங்க, ட்ரைபாட்ல 500ல வெச்சு, செவுத்துக்கு நேரா நிக்காம ஓரமா சாய்வா நின்னு, லைவ் வியூல (பின்னாடி ஸ்க்ரீன்ல பாத்து) ஒண்ணு, வ்யூஃபைண்டர்ல கண்ண வெச்சு ஒண்ணு எடுத்து பாருங்க. ஃபோகஸ் எறகுக்கு முன்னாடி விழுந்தா செட்டப் மெனுல ஃபோகஸ் விழுற எடத்த திருத்தற ஏஎஃப் ஃபைன்டியூன் இருக்கு, ப்ளஸ் பக்கம் தள்ளணும்.

ஆர்7_ரசிகன்
இந்த ஃபைன்டியூன் தொல்லையே உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுல கெடயாது. கேனான் ஆர்7ல 32.5 மெகாபிக்சல், பறவையோட கண்ண தானா புடிக்கும். இன்னுமா கண்ணாடி வெச்ச டிஎஸ்எல்ஆர் வாங்கறீங்க?

பிக்சல்_பித்தன்
கண்ண புடிக்கும், உண்மைதான். எலக்ட்ரானிக் ஷட்டர்ல மீன்கொத்தி பாயறத எடுத்து றெக்கை வளைஞ்சு வந்தத காட்டவா?

டி70_காலத்தவன்
நான் சொன்னத யாரும் கண்டுக்கல. கிட்ட போனா இந்த கணக்கு எதுவும் தேவையில்ல.

பாகூர்வாசி
சார், கிட்ட போ கிட்ட போன்னு சொல்லித்தான் போன சீசன்ல ஒரு கும்பல் சேத்துல எறங்கி நடந்து மொத்த கூட்டத்தையும் கெளப்பி விட்டுச்சு. எர தின்ற நேரத்துல பறக்க வெச்சா அதுக்கு எவ்ளோ கஷ்டம். ஊசுட்டேரி புதுச்சேரி பக்கம் 2008லயே சரணாலயம், கரைல நின்னுதான் எடுக்கணும்.

டி70_காலத்தவன்
எனக்கு சரணாலயம் பாடம் எடுக்க வேணாம். ஒளிஞ்சு உக்காந்தா பறவை தானா கிட்ட வரும்னு சொன்னேன், தொரத்த சொல்லல.

பாகூர்வாசி
மேல அப்பிடி எழுதலையே சார். "பறவைகிட்ட போக கத்துக்கங்க"ன்னுதான் இருக்கு.

லாஸ்பேட்டை_லென்ஸ்
மரக்காணம் பக்கம் கழுவேலிக்கு வாங்க எல்லாரும், 2021ல அதுவும் சரணாலயம் ஆயிடுச்சு, அங்க வந்து சண்ட போடுவோம். பூநாரை வந்துருக்கா யாராவது பாத்தீங்களா?

பாகூர்வாசி
பாத்தா கூட எடத்த இங்க போட மாட்டேன்.

ஊசுட்டேரி_புதுசு
எறகு ஒட்டி பாத்துட்டேன். லைவ் வியூல கோடு கோடா தெரியுது, வ்யூஃபைண்டர்ல எடுத்தா ஃபோகஸ் எறகுக்கு முன்னாடி செவுத்துல விழுது. கடைக்காரர்கிட்ட ரெண்டும் வேணாம்னு சொல்லிட்டேன். எல்லாருக்கும் டேங்க்ஸ்.

கடலூர்_கொக்கு
ஃபைன்டியூன் ப்ளஸ் எவ்ளோ போட்டீங்க? 200லயும் செக் பண்ணீங்களா, லென்ஸுக்கு ஒரு நம்பர்தான் வெக்க முடியும்.

லாஸ்பேட்டை_லென்ஸ்
அந்த டி500 எந்த கடைல இருக்கு தம்பி?

கடலூர்_கொக்கு
தம்பி?