புதுப்பிப்பு: குயில்ட் (துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்பு) தைப்பதற்கான இயந்திரத்தை வாங்கிவிட்டேன்

பூத்தையல்கள் பல கொண்ட கணினி வகை இயந்திரமா, நேர்த்தையல் மட்டுமே போடும் ஜூகி டிஎல்-2010கியூவா என்று முன்பு கேட்டிருந்தேன். இறுதியில் ஜூகியையே வாங்கினேன். என் முடிவைத் தீர்மானித்தது நிமிடத்திற்கு 1500 தையல் என்னும் வேகமன்று (அவ்வளவு விரைவாக நான் ஓட்டுவதேயில்லை), ஊசிக்கு வலப்புறம் ஏறத்தாழ எட்டரை அங்குலம் விடப்பட்டிருக்கும் இடைவெளிதான். ஏனெனில் இரட்டைக் கட்டில் விரிப்பின் நடுப்பகுதியைத் தைக்கும்போது, அதன் ஒரு பாதி முழுவதும் சுருண்டு அந்த இடத்திற்குள்தான் அடங்கியாக வேண்டும். மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றும் விலகாமல் ஒருசேர நகர வாக்கிங் ஃபுட்டும் (மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் அழுத்துபாதம்), விருப்பம்போல் வளைவுகள் தைக்கத் துணியை நகர்த்தும் பற்களைக் கீழே இறக்கும் வசதியும் போதுமானவையாக இருக்கின்றன. இதில் ஜிக்ஜாக் (இடமும் வலமுமாக மாறி மாறிச் செல்லும் தையல்) கிடையாது. அது தேவைப்படும் அப்ளிக் (துணியின் மேல் வேறு துணித் துண்டுகளை வைத்துத் தைக்கும் அலங்காரம்) ஓரங்களுக்காகப் பழைய இயந்திரத்தை விற்காமல் வைத்துக்கொண்டேன்.