கலைச்சொல் வேண்டும்: கவ்வுவகைக் கழியொலிப் பாய்ச்சல்மானி (வியாழன் மாலைக்குள்)

உப்புவெளியிலிருந்து, மொழிபெயர்ப்பாளர். செவ்வாய் இரவு

குழுவினருக்கு வணக்கம். வருகின்ற சனிக்கிழமை திருகோணமலை உப்புவெளியில், மருத்துவ உபகரணங்களைப் பழுதுபார்க்கப் பயிலும் தமிழ்மொழிமூல மாணவர் இருபத்திரண்டு பேருக்கு ஆக்கவுரிமை (புதிய கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் தனியுரிமை, patent) பற்றிய ஒருநாள் வகுப்பு நடைபெறவுள்ளது. அதற்கான கைந்நூலை வியாழன் மாலைக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது, நான்காம் பாடத்தின் தலைப்பு மட்டும் என்னை விடாமல் அலைக்கழிக்கிறது.

குருதிச் சுத்திகரிப்பிலும் இதய அறுவைச் சிகிச்சையிலும் ஒரு தடவை பயன்படுத்திவிட்டு வீசப்படும் மென்குழாயை வெட்டாமலும், உள்ளே ஓடும் குருதியைத் தொடாமலும், வெளியிலிருந்து கவ்விக்கொண்டு, காதுக்குக் கேளாத ஒலியால் பாய்ச்சல் வீதத்தை அளக்கும் கருவிக்கு ஆக்கவுரிமை பெறலாமா, பெறலாமெனில் அதன் எந்தக் கூறுக்கு என்பதே பாடத்தின் பொருள். என் வரைவுத் தலைப்பு இது: 'கழிகுழாய்களுக்கான கவ்வுவகைக் கழியொலிப் பாய்ச்சல்மானிகளின் ஆக்கவுரிமை பெறத்தகுதன்மை'. இதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "அம்மா, இது கழிவுவாய்க்கால் பாடமா?" என்று கேட்டாள். அவளைக் குறைசொல்ல முடியவில்லை. ஒரே தொடரில் இரண்டு 'கழி' வருகின்றன. ஒன்று மிகுதியைச் சொல்கிறது, மற்றது வீசி எறிவதைச் சொல்கிறது. எதை விடலாம்?

தம்பலகாமத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். புதன் அதிகாலை

அன்புள்ள தங்கைக்கு. கழியொலியை விடவேண்டாம். 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்று நன்னூல் சொல்வது போல, இங்கே கழி என்பது மிகுதிப்பொருள் தரும் உரிச்சொல். மருந்து அதிகாரத்திலேயே வள்ளுவர் 'கழிபேர் இரையான்கண் நோய்' என்கிறார்; மருத்துவக் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேறு வேண்டுமா? நம் பாடநூல்களில் கழியூதாக் கதிரும் கழியொலியும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஒன்றைக் கற்ற பிள்ளைக்கு மற்றது தானே விளங்கும்.

விடவேண்டியது கழிகுழாய். அது வினைத்தொகையாகிக் கழிந்த குழாய், கழிகின்ற குழாய், கழியும் குழாய் என விரியும். கழிதல் தன்வினை, கழித்தல் பிறவினை. அந்தக் குழாய் தானாகக் கழிவதில்லை, தாதியார் கழற்றிக் குப்பைக் கூடையில் போடுகிறார். எனவே சொல் இலக்கணத்தாலேயே பொய் சொல்கிறது. 'எறிகுழாய்' எனலாம்.

கவ்வு நல்ல சொல். கவை, கவர், கவட்டை, கவ்வு எல்லாம் ஒரே வேரின் கிளைகள் என்பது என் நெடுநாள் எண்ணம். பெரும்பாணாற்றுப்படையின் 'கவைத்தாள் அலவன்' இரண்டாகப் பிளந்த காலால் எதைச் செய்கிறது? கவ்வுகிறது. இரண்டு தாடைகளுக்கிடையே குழாயைப் பிடிக்கும் கருவியைக் கவைமானி என்றே சொல்லிவிடலாம். ஆனால் 'மானி' என்ற ஈற்றை நான் ஏற்கவில்லை. அது வடசொல் மானத்திலிருந்து வந்தது. தமிழில் மானி என்றால் மானமுள்ளவன். 'அளவி' இருக்க அது எதற்கு?

கிண்ணியாவிலிருந்து, உபகரணத் தொழினுட்பவியலாளர். புதன் காலை

ஆசிரியர் சேருக்கும் அக்காவுக்கும் ஸலாம். எறிகுழாய் வேண்டவே வேண்டாம். எறிகணை விழுந்த ஊர்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். மூதூரில் அந்தச் சொல்லை வாசிப்பவர் மருத்துவமனையை நினைக்கமாட்டார்.

சொல்லுக்கு முன் கருவியைப் பார்த்துவிடலாம். நேற்றிரவு இதை வாசித்ததும், வீட்டில் கிடந்த சேலைன் குழாயில் ஒரு துண்டை வெட்டி, உடுப்புக் காயப்போடும் மரக் கிளிப்பின் வாயில் வைத்துப் பார்த்தேன். கிளிப்பின் இரு பக்கமும் குழாயைத் தட்டையாக்குகின்றன; முனையில் பார்த்தால் வட்டத் துளை இரு ஓரமும் நேராகி நீள்கிறது. உண்மைக் கருவியில் குழாய் அமரும் பள்ளம் சதுரமானது, மூடியைச் சாத்தியதும் குழாய் அந்தச் சதுரத்துக்குள் அழுந்தி நிற்கும். இதில்தான் விஷயமே இருக்கிறது. உருக்குக் குழாயின் மேல் உணரியை (ஒலியை அனுப்பி வாங்கும் பகுதியை) வைத்தால் இடையில் காற்று நின்று ஒலியைத் தடுக்கும், ஆகவே பசை பூசவேண்டும். மென்குழாயோ அழுத்தத்தால் தானே உணரியின் முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது, பசை வேண்டியதில்லை.

அளவு எவ்வளவு நுட்பம் என்பதையும் சொல்கிறேன். 6 மில்லிமீற்றர் துளையில் நிமிடத்துக்கு 300 மில்லிலீற்றர் ஓடினால் குருதியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர். ஒலி அதில் செக்கனுக்கு 1,500 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. ஒரு சென்ரிமீற்றர் சாய்வழியில் ஒலியைப் பாய்ச்சலோடு ஒருமுறையும் எதிராக ஒருமுறையும் அனுப்பினால் இரண்டு பயண நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு நானோ செக்கன், அதாவது செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு. குழாய் சூடேறி இளகினாலோ, மணிக்கணக்கில் அழுந்திக் கிடந்து உருமாறினாலோ அந்த ஒரு நானோ செக்கன் கணக்குத் தவறிவிடும். எனவே 'கவ்வு' மட்டும் போதாது என்பது என் கருத்து. 'அழுத்திக் கவ்வு' என்று வரவேண்டும். வார்டில் எல்லோரும் 'புளோ சென்சர்' என்றுதான் சொல்கிறோம் என்பதையும் மறைக்கவில்லை.

சென்னையிலிருந்து, திருகோணமலையில் பிறந்த பொறியியலாளர். புதன் நண்பகல்

தமிழ்நாட்டில் கழியொலி என்றால் ஒருவருக்கும் விளங்காது, மீயொலி என்கிறார்கள். இணையத்தில் தேடும் மாணவர் மீயொலி என்று தட்டினால்தான் நாலு கட்டுரையாவது கிடைக்கும். அங்கே ஆக்கவுரிமைக்கும் காப்புரிமை என்று பெயர். கடலுக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே தமிழ் இருக்க, இரண்டு சொற்றொகுதி எத்தனை காலத்துக்கு?

தம்பலகாமத்திலிருந்து. புதன் பிற்பகல்

தம்பி, காப்புரிமை என்பதை அங்கே பதிப்புரிமைக்கும் வழங்குகிறார்கள். இரண்டு உரிமைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு ஒருமைப்பாடு பேசக்கூடாது. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்று ஒரு நூலை வெளியிட்டார். உடற்கூறு, உடற்றொழில், சுகாதாரம் என்பவற்றுக்கு அன்று வைத்த பெயர்கள் அவை. இன்று யார் சொல்கிறார்கள்? பிழைத்த சொற்களெல்லாம் வகுப்பறையில் வாய்க்கு வந்தவை. தேடுபொறிக்காக எந்தச் சொல்லும் பிழைத்ததில்லை. நம் வகுப்பறையில் இருப்பது கழியொலி.

சென்னையிலிருந்து. புதன் பிற்பகல்

கிறீன் வைத்த அந்தப் பெயர்கள் வடசொல் சார்ந்தவை, மக்கள் வாயில் வழங்காதவை ஐயா. வழங்கும் சொல்லே பிழைக்கும் என்றால், பலர் வழங்கும் மீயொலிக்கே உங்கள் சான்று துணைநிற்கிறது.

திருகோணமலை நகரிலிருந்து, சட்டத்தரணி. புதன் இரவு

இத்தனை மடல்களிலும் தலைப்பின் மிக ஆபத்தான உறுப்பை ஒருவரும் தொடவில்லை. அது 'களுக்கான' என்பது.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 63 ஆம் பிரிவு மூன்று கேட்கிறது: புதியதாக இருக்கவேண்டும், புத்தாக்கப் படியொன்று இருக்கவேண்டும், கைத்தொழிலில் பயன்படுத்தத்தக்கதாக இருக்கவேண்டும். (படி என்றால் நகல் என்றும் பொருள். புதுமையைச் சோதிக்கும் சொல்லுக்குள் நகல் ஒளிந்திருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். ஆசிரியர் ஐயா இன்னொரு நாள் இதைத் தீர்த்துவைக்கட்டும்.) சிகிச்சை முறைகளுக்கு ஆக்கவுரிமை இல்லை, ஆனால் அம்முறைகளில் பயன்படும் பொருளுக்கு உண்டு. ஆகவே கருவி உள்ளே வந்துவிடும். கைத்தொழில் பயனிலும் சிக்கல் இல்லை.

புதுமையில்தான் சிக்கல். வெளியிலிருந்து கவ்வி ஒலியால் அளப்பது பழைய சங்கதி. குருதிக்கலனின் முழு அகலத்தையும் ஒலிக்கற்றையால் நிரப்பி அளக்கும் முறைக்குக் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கோர்னெலிஸ் ட்ரொஸ்ட் 1980 இலேயே அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றுவிட்டார். விண்ணப்பத்திலிருந்து 20 ஆண்டு என்ற கணக்கில் அத்தகையவை எப்போதோ எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. இப்போது ஒருவர் 'வீசக்கூடிய குழாய்களுக்கான உணரி' என்று உரிமை கோரினால், 'ஆன' என்பதற்கு ஏற்புடைய என்றே விண்ணப்பத்தை ஆராயும் பரிசோதகர் பொருள்கொள்வார். பழைய உணரி ஒன்று அந்தக் குழாயைக் கவ்வக் கூடியதாக இருந்தாலே போதும், குழாய் என்ற சொல்லையே அறியாத அந்தக் கருவி இவரது புதுமையைக் கெடுத்துவிடும். குழாய் வீசப்படுவது குழாயின் குணம். அதைச் சொல்வதால் உணரி புதியதாகிவிடாது. கிண்ணியாத் தம்பி சொன்ன சூட்டுப்பிழையையும் அழுத்த உருமாற்றத்தையும் திருத்தும் வழி ஒன்றைக் கூட்டினால்தான், அதுவும் துறையறிந்தவருக்கு வெளிப்படையாகத் தோன்றாத வழியாக இருந்தால்தான், பேச இடமுண்டு. குழாயையும் சேர்த்து ஒரே தொகுதியாகக் கோரலாம் என்று சிலர் நினைப்பார்கள். அப்போது வேறொரு தொல்லை வரும்: உணரியை ஒருவர் விற்கிறார், குழாயை இன்னொருவர் விற்கிறார், இரண்டையும் சேர்ப்பது தாதி. யார் மேல் வழக்குத் தொடுப்பது?

தம்பலகாமத்திலிருந்து. புதன் நள்ளிரவு

சட்டத்தரணி அவர்கள் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டார்கள். இது நான்காம் வேற்றுமைச் சிக்கல். 'கொடை பகை நேர்ச்சி தகவு அதுவாதல் பொருட்டு முறை' என நன்னூல் குவ்வுருபின் பொருள்களை அடுக்குகிறது. 'கூலிக்கு வேலை செய்தான்' என்பதில் கு பொருட்டு, கூலியே நோக்கம். 'குண்டலத்துக்குப் பொன்' என்பதில் அதுவாதல், பொன்னே குண்டலமாகும். விண்ணப்பதாரி 'குழாய்க்கு உணரி' என்று எழுதும்போது மனத்தில் வைத்திருப்பது பொருட்டு. பரிசோதகர் வாசிப்பது தகவு, அதாவது ஏற்புடைமை. உருபு ஒன்றுதான், வழக்கு இரண்டு. எனவே 'களுக்கான' வேண்டாம், பரிசோதகர் கொள்ளும் பொருளையே வெளிப்படையாக 'களுக்கேற்ற' என்று எழுதுங்கள்.

இன்னொன்றும் இதிலேயே கிடைத்தது. 'பெறத்தகுதன்மை' என்று எட்டெழுத்தை ஏன் இழுக்கவேண்டும்? 'ஆக்கவுரிமைத் தகவு' போதும்.

கிண்ணியாவிலிருந்து. வியாழன் காலை

தகவுக்கு என் வாக்கு. குழாய்க்கு 'ஒருதடவைக் குழாய்' என்று போடுங்கள். மருந்துக்கடையில் ஊசிக்கும் கையுறைக்கும் அப்படித்தான் சொல்லி வாங்குகிறார்கள். 'அழுத்திக் கவ்வு' என்பதை நான் விட்டுவிடுகிறேன், பாடத்துக்குள் படம் இருந்தால் போதும்.

உப்புவெளியிலிருந்து. வியாழன் மாலை

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்தார் இரண்டு தடவை தொலைபேசியில் அழைத்துவிட்டதால் மேலும் காத்திருக்க முடியவில்லை. கொடுத்த தலைப்பு: 'ஒருதடவைக் குழாய்களுக்கேற்ற கவ்வுவகைக் கழியொலிப் பாய்ச்சல்மானி: ஆக்கவுரிமைத் தகவு'. சென்னைத் தம்பிக்காக முதற் பக்கத்தில் 'தமிழ்நாட்டில் மீயொலி என்பர்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கிளிப்பில் அழுந்திய குழாயின் முனையைக் கிண்ணியாத் தம்பி படமெடுத்து அனுப்பினார். அது பாடத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. மகளுக்குப் புதிய தலைப்பை வாசித்துக் காட்டினேன். 'பாய்ச்சல்' என்றால் மாடு பாய்வதா என்று கேட்டாள். அதற்கு இனி நேரமில்லை.

தம்பலகாமத்திலிருந்து. வியாழன் இரவு

மகள் கேட்டது நியாயமான கேள்வி. நாளை விரிவாக எழுதுகிறேன். மானி பற்றிய என் மறுப்பு அப்படியே இருக்கிறது என்பதை அடுத்த பதிப்புக்காகக் குறித்துவைத்துக்கொள்ளவும்.