பின்னிணக்கமா, கைவிடாமையா? வைஃபை செந்தரங்களை முன்வைத்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கோலாலம்பூர் அக்கா தொடங்கிவைத்த இழையை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். புதிதாக வரும் கருவி பழைய கருவியையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்யும் தன்மைக்கு (ஆங்கிலத்தில் backward compatibility) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பது கேள்வி. அக்கா "பின்னிணக்கம்" என்றார். தஞ்சாவூர் ஐயா "மரபிணக்கம்" என்றார். நடுவில் ஒருவர், "வைஃபை 6 வாங்கி முடிப்பதற்குள் 7 வந்துவிட்டது, 8-க்கும் வேலை நடக்கிறது. செந்தரங்கள் (கருவிகள் பின்பற்றும் பொது விதிமுறைகள்) இந்த வேகத்தில் வந்தால் சொல் நிலைப்பதற்குள் பொருளே போய்விடும், எதற்கு இந்தப் பாடு?" என்று எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கேபிள் இழுத்து ரவுட்டர் பொருத்திக் கொடுக்கிறவன். பிறந்தது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். இந்தச் சொல் இல்லாத குறையை வாரத்துக்கு நான்கு முறையாவது வாடிக்கையாளர் முன்னால் நின்று அனுபவிக்கிறேன்.

முதலில் பின்னிணக்கம். அக்கா, கோபித்துக்கொள்ளக் கூடாது. என்னோடு வேலைக்கு வரும் தம்பியிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். இருபது வயது, தமிழ்ப்பள்ளியில் படித்தவன். "பின்னிணக்கம் உள்ள ரவுட்டர்னா உனக்கு என்ன புரியுது?" என்றேன். "பின்னாடி வரப்போற போனுக்கும் ஒத்துப்போகும்ணே" என்றான். நேர் எதிர்ப்பொருள். அவன்மேல் குற்றமே இல்லை. தமிழில் முன்னோர் என்றால் நமக்கு முந்தியவர்கள், பின்னோர் என்றால் இனி வருகிறவர்கள். முன்னாள் அமைச்சர் இப்போது பதவியில் இல்லை. பின்னாளில் நடப்பது இன்னும் நடக்கவில்லை. அதே சமயம் "பின்னோக்கிப் பார்த்தால்" என்று தொடங்கினால் கழிந்த காலம் வந்து நிற்கிறது, முன்னேற்றம் என்றால் எதிர்காலம் வந்து நிற்கிறது. வரிசையாக எண்ணும்போது ஒரு திசை, நடந்து போவதாக நினைக்கும்போது மறு திசை. இரண்டும் நம் மொழிதான், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் கடையில் நிற்கிறவர் ஒரு நொடியில் புரிந்துகொள்ள வேண்டிய சொல் இரண்டு திசையிலும் இழுத்தால், அவர் காசு கொடுத்துத் தவறான பெட்டியை வாங்கிப் போவார்.

ஐயாவின் மரபிணக்கத்தில் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் மரபு என்றால் பரம்பரை கடந்து வரும் ஒன்று மனதில் வருகிறது, மரபணுவும் கூடவே வருகிறது. ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய மடிக்கணினி மரபு ஆகாது ஐயா. அது பழசு, அவ்வளவுதான். மக்கள் அதைப் பழசு என்றுதான் சொல்கிறார்கள்.

நான் முன்வைக்கப்போகும் சொல் எனக்கு எங்கே கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் கணினி அறைக்குப் புது ரவுட்டர் பொருத்தினேன். பாதுகாப்பு நன்றாக இருக்கட்டும் என்று டபிள்யூ.பி.ஏ. 3 முறையை மட்டும் வைத்தேன். வைஃபைக்குப் பூட்டுப் போடும் முறை அது, 2018-இல் வந்தது. அதற்கு முந்தைய 2, 2004-இலிருந்து இருக்கிறது. மறுநாள் காலை அழைப்பு வந்தது. 16 மடிக்கணினிகளில் 11 இணையவில்லை. போய்ப் பார்த்தேன். எல்லாம் பழைய கணினிகள், 2-க்கு மேல் அவற்றுக்குத் தெரியாது. தலைமையாசிரியை கேட்டார்: "தம்பி, புதுசு ஒன்னு வந்ததுக்கு இத்தனை பழசும் ஏன் வேலை செய்யாமப் போகணும்?" ஆங்கிலச் சொல் வாய் வரை வந்தது, நிறுத்திக்கொண்டேன். வாசலில் பிள்ளைகள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு முறையையும் ஏற்கும்படி மாற்றி வைத்தேன், பத்து நிமிடத்தில் எல்லாக் கணினியும் வந்துவிட்டது. அப்புறம் சொன்னேன்: "டீச்சர், இந்த ரவுட்டர் பழசைக் கைவிடல. நான் வச்ச முறைதான் கைவிட்டுடுச்சு." அவருக்கும் புரிந்தது, பிள்ளைகளுக்கும் புரிந்தது.

நான் முன்வைக்கும் சொல் அதுதான்: கைவிடாமை.

வேகத்தைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இதைப் பேச முடியாது. உண்மையிலேயே செந்தரங்கள் அவ்வளவு வேகமாக வருகின்றனவா? (செந்தரம் என்ற சொல்லைத் தமிழ்நாட்டு நண்பர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். தரம் என்று மட்டும் எழுதினால் எங்கள் ஊரில் சாமான் நல்லதா கெட்டதா என்று கேட்பார்கள்.) 802.11 என்ற முதல் செந்தரம் 1997-இல் வந்தது, நொடிக்கு 2 மெகாபிட். 1999-இல் 11 மெகாபிட் தரும் பி-யும் (b) 54 தரும் ஏ-யும் (a). 2003-இல் ஜி (g), 2009-இல் என் (n), 2013-இல் ஏசி (ac). வைஃபை 6-க்குச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது 2019, வைஃபை 7-க்கு 2024 ஜனவரி. 1999-க்குப் பிறகு இடைவெளி நான்கிலிருந்து ஆறு ஆண்டு. ரப்பர் கன்று நட்டு, மரம் வெட்டுக்கு வருவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் ஆகும். தோட்டத்தில் யாரும் அதை வேகம் என்று சொன்னதில்லை.

வேகம் என்ற உணர்வு எண்களால் வந்தது என்று நினைக்கிறேன். 2018 அக்டோபரில்தான், கருவிகளுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பான வைஃபை அலையன்ஸ் 4, 5, 6 என்று எண் வைத்தது. அதற்கு முன் என், ஏசி என்று எழுத்துகள். எந்த எழுத்து பெரியது என்று யாரும் கவலைப்படவில்லை. எண் வந்த பிறகு, வீட்டில் 5 இருக்கிறது, கடையில் 7 இருக்கிறது, இரண்டு படி பின்தங்கிவிட்டோம் என்று மனம் கணக்குப் போடுகிறது. 100 மெகாபிட் இணைப்பு வைத்திருக்கும் வீட்டுக்கு வைஃபை 5 ரவுட்டரே போதும் என்று நான் சொன்னால், விலை உயர்ந்ததை விற்கத் தெரியாதவன் என்று பார்க்கிறார்கள்.

அவசரம் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். "என்" (n) என்ற செந்தரம் 2009-இல்தான் முடிவானது. 2007-லேயே வரைவை வைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். வைஃபை 7-க்கும் அப்படித்தான், சான்றிதழ் 2024-இல், செந்தர ஆவணம் வெளியானது 2025-இல். எழுதி முடிப்பதற்குள் விற்கத் தொடங்கும் இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் செந்தரத்தை எழுதுகிற பொறியாளர்கள் பழையதை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வைஃபை 7 கருவி தன் புதிய முறையில் அனுப்பும் ஒவ்வொரு தரவுச் சட்டகத்தின் (ஒரே மூச்சில் அனுப்பும் தகவல் துண்டு) தொடக்கத்திலும் 20 மைக்ரோநொடிக்கு ஒரு முன்னுரை இருக்கிறது. அந்த முன்னுரை 1999-இன் ஏ செந்தரத்தில் வகுத்த அதே வடிவத்தில் இருக்கும். "இனி இவ்வளவு நேரம் நான் பேசப்போகிறேன்" என்பதுதான் அதன் செய்தி. பழைய கருவிக்கு அதற்குப் பிறகு வரும் புது மொழி புரியாது. ஆனால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது புரிந்துவிடும், அதனால் குறுக்கே பேசாமல் ஒதுங்கி நிற்கும். கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்ததும், வந்திருக்கும் பெரியவர்களை வணங்கிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவோம் இல்லையா? என், ஏசி, ஏஎக்ஸ் (வைஃபை 6), இப்போது 7 எல்லாமே அந்த வணக்கத்தோடுதான் பேச்சைத் தொடங்குகின்றன. இதற்கு விலையும் உண்டு. மெதுவான பழைய கருவி பேசும்போது ஒரே செய்திக்கு அதிக நேரம் எடுக்கும். வேகமான புதியது அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும். அந்த விலையைத் தெரிந்தே கொடுக்கிறார்கள்.

6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் நிலைமை வேறு. அங்கே வைஃபை 6இ-யும் (6-ஐ அந்த அலைவரிசைக்கு நீட்டியது) அதற்குப் பிறகு வந்தவையும்தான் இயங்கும், கடவுச்சொல் வைத்த இணைப்புக்கு டபிள்யூ.பி.ஏ. 3 கட்டாயம். ஆனால் பழைய வைஃபை கருவி எதுவும் அங்கே இருந்ததில்லை. வைஃபை குடிகள் இல்லாத நிலத்தில் புதுத் தோட்டம் போட்டதுபோல, பழைய வைஃபை எதையும் வெளியேற்றவில்லை. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் பழைய குடிகள் அப்படியே இருக்கிறார்கள்.

இனி மறுபக்கம். மலேசியாவில் 2021 டிசம்பர் 31-க்குள் 3ஜி முழுவதும் நிறுத்தப்பட்டது. அலைவரிசையை 4ஜி-க்குத் திருப்ப வேண்டும் என்பது காரணம், அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது. அதே மாதத்தில்தான் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயாவில் 5ஜி தொடங்கியது. என் பெரியம்மா அப்போது தோட்டத்திலிருந்து வந்து தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியேறியிருந்தார். கையில் 3ஜி மட்டும் தெரிந்த ஒரு போன். ஜொகூரில் வேலை செய்யும் மகன் ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் முகம் காட்டுவான். அது நின்றுபோனது. 2ஜி இருந்ததால் சாதாரண அழைப்பு மட்டும் வந்தது. "பையன் இப்பல்லாம் முகத்தக் காட்ட மாட்டேங்கிறான்" என்று இரண்டு வாரம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார், எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்த அன்றே 4ஜி போன் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அந்த இரண்டு வாரம் மகன்மேல் கோபமாக இருந்தாரே, அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

3ஜி நம் நாட்டில் பல ஆண்டு ஓடியது. வேகமாக வந்தது என்றோ வேகமாகப் போனது என்றோ சொல்ல முடியாது. வைஃபையோ ஐந்தாண்டுக்கு ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது, இருந்தும் பள்ளியின் பழைய மடிக்கணினி ஒரு அமைப்பை மாற்றியதும் இணைந்துகொண்டது. பெரியம்மாவின் போனுக்கு மாற்ற எந்த அமைப்பும் இல்லை. இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் சொல் வேண்டும் என்கிறேன். இப்போது கடையில், "பழசுக்குச் சப்போர்ட் இருக்கா?" என்று கேட்கிறார்கள். சப்போர்ட் என்றால் உத்தரவாதமா, பழுதுபார்ப்பா, இணையுமா என்று விற்கிறவருக்கும் தெரிவதில்லை. அவர் "இருக்கு, இருக்கு" என்று தலையாட்டிவிடுகிறார்.

கைவிடாமையை நான் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், அதன் அடியில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வினை இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி தந்த "இணையம்" நிலைத்ததற்கும் இணை என்ற வினை ஒரு காரணம் என்று நம்புகிறேன். இணைப்பு, இணைந்தது, இணையவில்லை என்று மக்கள் தாமாகவே நீட்டிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் செம்பனை (எண்ணெய்ப்பனை) என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. பழம் சிவப்பு, மரம் பனைபோல. கைவிடு என்பதும் அப்படித்தான். பழையதைச் சேர்த்துக்கொள்வது கைவிடாச் செந்தரம், சேர்க்காதது கைவிடும் செந்தரம். ஒரு வலையமைப்பையோ மென்பொருளையோ நிறுத்தப்போவதாக அறிவிக்கும் தேதிக்குக் கைவிடுநாள். அன்று பெரியம்மாவிடம், "3ஜி-க்கு டிசம்பர் 31 கைவிடுநாள்" என்று யாராவது தமிழில் சொல்லியிருந்தால் அவரே என்னைக் கூப்பிட்டிருப்பார்.

ஐயா இரண்டு மறுப்புச் சொல்லக்கூடும் என்று எதிர்பார்க்கிறேன். ஒன்று, எதிர்மறையில் கலைச்சொல் அமைக்கலாமா என்பது. கொல்லாமை, கள்ளாமை, புறங்கூறாமை என்று உயர்ந்த பண்புகளுக்கே எதிர்மறையில் பெயர் வைத்த மொழி நம்முடையது, தொழில்நுட்பத்துக்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்? இரண்டாவது, இதில் உணர்ச்சி அதிகம் என்பது. உணர்ச்சி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பழைய கருவி வைத்திருப்பவர் பெரும்பாலும் புதிது வாங்கக் காசில்லாதவர். அவருக்கு இது உணர்ச்சி சார்ந்த விஷயமும்தான்.

பொருள் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். கைவிடாமை என்றால் பழையது புதியதைப்போல வேகமாக ஓடும் என்று பொருள் இல்லை. சேர்த்துக்கொள்ளும், தன்னால் முடிந்த வேகத்தில் ஓடவிடும், அவ்வளவுதான். ஒரு நிறுவனத்தின் கருவி இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு வேலை செய்வதற்கு இணக்கம் என்ற சொல்லே இருக்கட்டும். இன்றைய கருவி நாளை வருவதை ஏற்கும் தன்மைக்கு என் சொல் உதவாது. அதற்கு அக்கா தனி இழை தொடங்கினால் நல்லது.

கடைசியாக ஒரு சந்திச் சந்தேகம். "கைவிடாச் செந்தரம்" என்று ச் போட்டு எழுதியிருக்கிறேன், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்ற கணக்கில். ஐயா பார்த்துச் சரி என்றால், வரும் திங்கட்கிழமை பள்ளிக் கணினி அறைக் கதவில் ஒட்டப்போகும் தாளில் அப்படியே அச்சடித்துவிடுவேன். வேறு நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதையும் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்து, என்ன புரிந்துகொண்டார்கள் என்று இங்கே எழுதுகிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து உங்கள் தம்பி